இரட்டை வீடு: கட்டிலை எங்கே போடுவது?

பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு, மூட்டு மாற்று அறுவை ஆகியவற்றுக்குப் பின் வீடு திரும்பவிருக்கும் நோயாளிகளின் குடும்பத்தாரிடம் எங்கள் மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் நாங்கள் கேட்கும் கேள்விகளில் பாதி, வீட்டைப் பற்றியவை. படுக்கை எந்தத் தளத்தில்? கழிவறைக்கு எத்தனை அடி நடக்க வேண்டும்? வழியில் எத்தனை படிகள்? குளியலறைக் கதவு உள்நோக்கித் திறக்கிறதா, வெளிநோக்கியா? பெரும்பாலோர் ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டுக்குத் திரும்புகிறவர்கள். அவர்களிடம், இருப்பதை வைத்துச் சமாளிக்கும் வழிகளை மட்டுமே எங்களால் சொல்ல முடிகிறது. வீடு இன்னும் காகிதத்தில் இருக்கும்போதே வரைபடத்தைக் கொண்டுவருபவர்கள் அரியர். அண்மையில் அப்படி ஒரு குடும்பத்தார் வந்தனர். அவர்களது இசைவைப் பெற்று, அடையாளங்களைத் தவிர்த்து, அந்த வரைபடத்தைப் பற்றி இங்கே எழுதுகிறோம்.

மனை ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி. தெருவை நோக்கிய முகப்பு 40 அடி, ஆழம் 60 அடி. தந்தையார் பணியில் இருந்தபோது வாங்கிப் போட்ட இடம். அதில் இருந்த பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, மகன்கள் இருவரும் ஆளுக்கு 20 அடி அகலம் என்று நீளவாக்கில் பிரித்துக்கொண்டு, நடுவில் ஒரு பொதுச்சுவருடன் ஒட்டினாற்போல் இரண்டு மாடி வீடுகள் கட்டத் திட்டமிட்டிருந்தனர். பாகப்பிரிவினைக்குப் பின் நம் ஊர்களில் பலரும் தேர்ந்தெடுக்கும் வழிதான் இது. பிள்ளைகள் அருகருகே இருப்பார்கள். அவரவர் வாசல் அவரவருக்கு.

வரைபடம் அனுமதிக்குப் போகும் தறுவாயில் தந்தையாருக்குப் பக்கவாதம் ஏற்பட்டது. 71 வயது. இடக்கையும் இடக்காலும் செயலிழந்தன. தாயாருக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்வு. வரைபடத்தில் இரு வீடுகளின் தரைத்தளத்திலும் கூடம், உணவு மேசைக்கு இடம், அடுக்களை, பின்புறம் ஒரு பொருளறை, படிக்கட்டின் அடியில் ஒரு சிறு கழிவறை. படுக்கையறைகள் அனைத்தும் மாடியில். பெற்றோருக்கு எந்த அறை என்று நாங்கள் கேட்டபோது, இரு மகன்களின் விரலும் வரைபடத்தின் மற்றவர் பாதியை நோக்கி நகர்ந்தது. குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. அந்த வரைபடம் நோய்க்கு முன் வரையப்பட்டது. அப்போது அவர் மாடி ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தார்.

இரட்டை வீட்டுக்கென்று சில இடர்ப்பாடுகள் உள்ளன. தனி வீட்டுக்கு நான்கு பக்கமும் காற்றும் வெளிச்சமும் கிடைக்கும். இங்கே மூன்று பக்கம்தான். நீளமான ஒரு பக்கம் முழுவதும் நடுச்சுவர். அதில் சன்னல் இல்லை. 20 அடியில் வெளிப்பக்கச் சந்துக்கு 4 அடி விட்டுச் சுவர்களின் கனத்தையும் கழித்தால், உள்ளே நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ 15 அடி. இந்த 15 அடிக்குள் மாடிப்படிக்கு 7 அடி போய்விட்டால் மிஞ்சுவது 8 அடி. தரைத்தளத்தில் படுக்கையறைக்கு இடமில்லை என்று பொறியாளர்கள் சொல்வதன் காரணம் இதுவே. இடமில்லை என்பது முற்றும் சரியன்று. கூடத்தைப் பெரிதாக வரைந்த பிறகு இடமில்லை என்பதே சரி.

எனவே நாங்கள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். கூடத்தின் அளவை முடிவு செய்யும் முன் நோயாளியின் கட்டிலுக்கு இடம் குறியுங்கள். கட்டிலிலிருந்து கழிவறை வரை ஒரு கோடு இழுங்கள். பிறகு மற்றச் சுவர்களை வரையுங்கள்.

கட்டிலை எங்கே போடுவது என்பதில் குடும்பத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு எழுந்தது. பொருளறையைச் சற்று விரித்துப் பின்பக்கம் ஓர் அறை தரலாம், அமைதியாக இருக்கும் என்றார் இளையவர். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. நோயுற்றவருக்கு வேண்டியது ஓசையற்ற மூலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு மிகவும் பரவலாகக் காணப்படும் ஒரு சிக்கல். வீட்டின் பேச்சும் நடமாட்டமும் எட்டாத அறையில் ஒருவரைப் படுக்க வைத்தால் அவர் எழுந்து நடப்பதற்கான காரணமே குறைந்துவிடுகிறது. பழைய வீடுகளில் முதியவர்கள் திண்ணையிலும் ரேழியிலும் படுத்திருந்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் அவர்களைக் கடந்தே போனார்கள். அதுவரை பேசாதிருந்த தாயார், இரவில் இவர் அழைத்தால் யார் காதில் விழும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதன் பிறகு பின்னறைப் பேச்சு நின்றது.

பொறியாளரும் எங்கள் இயன்முறை மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து வரைந்த மாற்றுத் திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். தெருப்பக்கம் 12 அடி ஆழத்தில் கூடம். அதற்குப் பின், நடுச்சுவரை ஒட்டி மாடிப்படி; அதன் எதிரே வெளிச்சுவர்ப் பக்கம் சன்னலோடு உணவு மேசை. அதற்கும் பின்னால், வீட்டின் நடுப்பகுதியில், வெளிச்சுவரை ஒட்டிப் பெற்றோர் அறை. சுமார் 11 அடிக்கு 12 அடி. அறைக்கும் நடுச்சுவருக்கும் இடையில் அடுக்களைக்குப் போகும் ஒரு நடை, 3½ அடிக்குக் குறையாமல். அறையின் பின்புறம், அறையிலிருந்தே போகும்படி 6 அடிக்கு 8 அடியில் குளியலறையும் கழிவறையும் சேர்ந்த இடம். கடைசியில் கொல்லையைப் பார்த்த அடுக்களை. கூடம் சிறுத்தது, பொருளறை மறைந்தது. மொத்த நீளம் ஏறத்தாழ 42½ அடிக்குள் அடங்கியது.

இதில் எங்களுக்குப் பிடித்த கூறுகள் சில. அறை நடுச்சுவரை ஒட்டி இல்லாததால் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி ஒலியும் நாற்காலி இழுக்கும் ஓசையும் நோயாளியின் தலைமாட்டில் கேட்கா. கழிவறைகள் எல்லாம் வெளிச்சந்துப் பக்கம் அமைவதால் காற்றுப்போக்கு உண்டு. குழாய்களும் அந்தச் சந்து வழியே இறங்கிவிடும். பொதுச்சுவருக்குள் தண்ணீர்க் குழாய் பதிக்காமல் இருப்பது உறவுக்கும் நல்லது. ஒரு வீட்டுக் கசிவு மறு வீட்டுச் சுவரில் ஓதமாக இறங்கினால் என்ன ஆகும் என்பதை நாங்கள் விளக்கத் தேவையில்லை. படிக்கட்டின் உச்சியில் கண்ணாடிக் கூரை அமைத்தால், சன்னலே இல்லாத அந்தப் பக்கத்துக்குப் பகல் வெளிச்சம் கீழ்த்தளம்வரை இறங்கும்.

படிக்கட்டின் அடியில் வரைந்திருந்த கழிவறையை நீக்கச் சொன்னோம். நிமிர்ந்து நிற்க உயரம் இராது. உதவிக்கு ஒருவர் உள்ளே வர இடம் இராது.

இனிக் கதவுகள். இந்தப் பகுதியில் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. வழக்கமாகக் குளியலறைக்கு வைக்கப்படும் கதவு நிலையோடு சேர்த்து 2½ அடி, அதாவது 30 அங்குலம். இரு பக்க நிலைக்கட்டையும் திறந்து நிற்கும் கதவின் கனமும் போனால் உள்ளே நுழையக் கிடைப்பது 23 அல்லது 24 அங்குலம். சாதாரணச் சக்கர நாற்காலியின் மொத்த அகலம் ஏறத்தாழ 25 அங்குலம். நாற்காலி நுழையாது, நுழைந்தாலும் கை முட்டி உரசும். திறந்த வழி மட்டும் 36 அங்குலம் இருக்கும்படி நிலையின் அளவைச் சொல்லுங்கள். இந்த நோயாளிக்கு இது இன்னும் முக்கியம். மூளையின் வலப்பாதியில் ஏற்படும் பக்கவாதத்தில் சிலருக்கு, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்துக்கு வராத நிலை உண்டாகும். தட்டில் இடப்பாதிச் சோறு அப்படியே இருக்கும். வாசலைக் கடக்கும்போது இடத்தோள் நிலையில் மோதும். பார்வைக் குறை என்று வீட்டார் எண்ணிக்கொள்வதுண்டு. கண்ணில் குறையில்லை.

குளியலறைக் கதவு வெளிநோக்கித் திறக்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் நகர வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவின் மேலேயே சாய்ந்து கிடந்தால், உள்நோக்கித் திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ள முடியாது. கதவை உடைத்து நோயாளியை மீட்டுக் கொண்டுவந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து நீக்கக் கூடியதாக இருக்கட்டும். குளியலறைத் தரையை அறையின் தரையைவிட 2 அங்குலம் தாழ்த்திப் படி போல் விடும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். மெல்லிய சரிவு கொடுத்து, கதவருகில் நீள வடிகால் வைத்தால் தண்ணீர் வெளியே வராது. பளபளப்பான ஓடு வேண்டாம். சொரசொரப்பான ஓடு போதும்.

காகிதத்தில் எழுதிய 6 அடி, 8 அடி என்பதைக் கொண்டு யாரும் எதையும் உணர முடியாது. எங்கள் இயன்முறைப் பயிற்சிக் கூடத்தின் தரையில் சுண்ணக்கட்டியால் அந்தக் குளியலறையை முழு அளவில் வரைந்தோம். கமோடு இருக்கும் இடத்தில் ஒரு நாற்காலி. முதலில் பழைய திட்டத்தில் இருந்த படிக்கட்டுக் கழிவறையின் அளவு. தந்தையாரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி மகன்களையே தள்ளச் சொன்னோம். நாற்காலி உள்ளே போயிற்று, திரும்பவில்லை. சக்கர நாற்காலி ஒரு முழு வட்டம் திரும்ப 5 அடி விட்டம் வேண்டும். பிறகு புதிய அளவு. தள்ளியவர் கோட்டை மிதிக்காமல் திருப்பினார். அந்த ஒரு முறைதான் தந்தையார் சிரித்ததைப் பார்த்தோம்.

அப்போதுதான் இன்னொன்றும் புலப்பட்டது. இரட்டை வீடுகளை வரைபவர்கள் ஒரு பாதியை வரைந்து, மறு பாதியைக் கண்ணாடி பிம்பம் போல் திருப்பிவிடுவார்கள். ஒரு வீட்டில் வலப்புறம் இருப்பதெல்லாம் மற்றதில் இடப்புறம். நலமாக இருப்பவருக்கு இதனால் ஒன்றுமில்லை. ஆனால் கமோடில் அமர்ந்து எழும் நோயாளிக்குக் கைப்பிடிக் கம்பி பதித்த சுவர் எந்தப் பக்கம் என்பதுதான் எல்லாம். இவருக்கு இயங்குவது வலக்கை. புதிய திட்டப்படி, தெருவிலிருந்து பார்த்தால் இடப்பக்கம் அமையும் வீட்டில் கமோடில் உட்காரும்போது வெளிச்சுவர் அவருக்கு வலப்பக்கம் வருகிறது. வலப்பக்கத்து வீட்டில் அதே சுவர் இடப்பக்கம் வருகிறது. அதாவது, பற்ற முடியாத கையின் பக்கம். வலப்பக்கத்து வீடு மூத்தவருடையது. பெற்றோர் மூத்தவரோடுதான் இருப்பார்கள் என்று அதற்குள் உறவினரெல்லாம் பேசி முடித்திருந்தனர்.

ஒரு சுவரை மட்டும் வைத்து முடிவெடுக்கும்படி நாங்கள் சொல்லவில்லை. கமோடை எதிர்ச்சுவருக்கு மாற்றலாம். வேண்டாதபோது மேலே மடக்கி வைக்கும் கம்பியும் கிடைக்கிறது. இவற்றையும் சொன்னோம். தாயாரே முடிவு செய்தார். இடப்பக்கத்து வீடு, இளையவர் வீடு. மூத்தவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, நடுச்சுவரில் ஒரு கதவு வைக்க முடியுமா என்று கேட்டவர் அவரே.

வைக்கலாம். பெற்றோர் அறையை ஒட்டிய நடை நடுச்சுவரின் ஓரமாகவே போகிறது. அங்கே ஒரு கதவு வைத்தால் மறு வீட்டின் நடையில் திறக்கும். தூண்கள் எழுப்பி விட்டம் போட்டுக் கட்டும் முறையில் இது எளிது. மேலே லிண்டல் மட்டும் முன்கூட்டியே இட வேண்டும். பின்னாளில் வேண்டாமென்றால் செங்கல் வைத்து அடைத்துவிடலாம். தனித்தனிப் பத்திரம், தனித்தனி வங்கிக் கடன், கட்டட அனுமதி ஆகியவை இதற்கு இடம் தருமா என்பதை மட்டும் பொறியாளரிடமும் வழக்கறிஞரிடமும் முன்பே கேட்டுத் தெளிய வேண்டும். பெற்றோரை இந்த வீட்டில் மூன்று மாதம், அந்த வீட்டில் மூன்று மாதம் என்று முறைவைத்து மாற்றுவது நம் குடும்பங்களில் இருக்கும் வழக்கம். மருத்துவர் என்ற நிலையில் நாங்கள் அதை ஆதரிப்பதில்லை. நினைவாற்றல் குறைந்த முதியவருக்கு இருளில் கழிவறை எந்தத் திசையில் என்பது உடலில் பதிந்த வழக்கம். இடம் மாறினால் அந்த வழக்கம் போய்விடும், விழுவார். கட்டில் ஓரிடத்தில் நிலையாக இருக்கட்டும். முறை மாற வேண்டியது சாப்பாடும் பணிவிடையும்தான். கதவு இருந்தால் அது நடக்கும். தலைமாட்டில் ஓர் அழைப்பு மணியின் பொத்தானும், இரு வீடுகளின் மாடியிலும் ஒலிக்கும் மணிகளும் வைக்கச் சொல்லியிருக்கிறோம்.

மாடிப்படியைப் பற்றியும் கேட்டனர். என்றாவது அவர் மாடி ஏற முடியுமா? முடியலாம், ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நலிந்த கால் முதலில் என்று பயிற்சி தருகிறோம். ஆனால் நம் வீடுகளில் படிக்கட்டின் திறந்த பக்கம் மட்டுமே கைப்பிடி இருக்கும். சுவர்ப் பக்கம் வெறுமையாக இருக்கும். ஒரு கை மட்டும் இயங்குபவருக்கு ஏறும்போது வலப்பக்கம் இருந்த கைப்பிடி, இறங்கும்போது இடப்பக்கம் ஆகிவிடுகிறது. ஏறிவிடுவார், இறங்க முடியாது. ஆகவே நடுச்சுவரிலும் ஒரு கைப்பிடி வேண்டும். ஒரு படியின் உயரம் 6 அங்குலம், கால் வைக்கும் அகலம் குறைந்தது 10 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், 10 அடி உயரத்துக்கு 20 படிகள். படி குறையட்டும் என்று ஒவ்வொன்றையும் 7½ அங்குலம் ஆக்கினால் 16 படிகளில் முடியும். தாயாரின் முழங்கால் அதற்கு விலை கொடுக்கும். பாதியில் ஒரு திருப்பமேடை கட்டாயம் இருக்க வேண்டும். அது நோயாளியை நாற்காலியில் வைத்து இருவர் தூக்கித் திரும்பும் அளவுக்கு இருக்க வேண்டும்.

வாசலில்தான் கடினமான கணக்கு. மழைநீர் புகாதிருக்கவும், ஆண்டுதோறும் உயரும் தெருவை எதிர்பார்த்தும், வீட்டின் தரையைத் தெருவைவிட 2½ அடி உயர்த்தியிருந்தனர். நாங்கள் அதைத் தவறென்று சொல்ல மாட்டோம். 2015ஆம் ஆண்டு வெள்ளத்தைச் சென்னையில் கண்ட எவரும் சொல்ல மாட்டார். ஆனால் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1 அடி உயர 12 அடி ஓட வேண்டும். 2½ அடிக்கு 30 அடி. முகப்பில் அதற்கு இடமில்லை. வெளிப்பக்கச் சந்தின் நீளத்தை நினைவுபடுத்தியவர் எங்கள் இயன்முறை மருத்துவர். வாயிற்கதவிலிருந்து சந்து வழியே 30 அடி ஏறினால், உணவு மேசைப் பகுதியின் கடைசியில் ஒரு பக்கக் கதவு. அங்கிருந்து பெற்றோர் அறை ஓரிரு அடிதான். சந்தில் இப்படிக் கட்ட உள்ளாட்சி விதி இடம் தருகிறதா என்று பொறியாளர் விசாரித்து வருகிறார். தராவிட்டால், இளையவரின் கார் தெருவில் நிற்க, அந்த இடத்தில் சாய்தளம் மடங்கி ஏறும். அதற்கும் அவர் ஒப்புக்கொண்டுள்ளார்.

மனையடி சாத்திரம் பற்றி எங்களிடம் கருத்துக் கேட்பவர்கள் உண்டு. அது எங்கள் துறை அன்று. கண்ணாடி பிம்ப வீடுகளில் ஒன்றுக்கு அடுக்களை தென்கிழக்கில் அமைந்தால் மற்றதற்குத் தென்மேற்கில் விழுவதுண்டு. அந்தச் சிக்கலை அவர்கள் தங்கள் பெரியவர்களோடு பேசித் தீர்த்துக்கொண்டனர். திசையை முன்னிட்டுக் கழிவறையை நோயாளியின் கட்டிலிலிருந்து தூரமாக்காதீர்கள் என்பது ஒன்றே எங்கள் வேண்டுகோள். இரவில் இரண்டு மூன்று முறை எழுபவருக்கு 10 அடி தூரம் வேறு, கூடத்தைக் கடந்து 30 அடி தூரம் வேறு.

வீடு கட்டும் வாசகர்களுக்கு நடைமுறையாகச் சில சொற்கள். அறைகளின் இடம், கதவுகளின் அகலம், குளியலறையின் அளவு ஆகியவற்றைத் தூண் எழும் முன் மாற்றுவதற்குச் செலவு ஏறத்தாழ இல்லை. சுவர் எழுந்த பின் மாற்றுவது இடிப்பு வேலை. கைப்பிடிக் கம்பி இன்று வேண்டாமென்றாலும், கமோடின் இரு பக்கமும் அதைத் தாங்கும் சுவர் வேண்டும். எடை குறைந்த சிமெண்டுக் கற்களால் கட்டிய சுவரில் சாதாரணத் திருகு ஒரு மனிதரின் எடையைத் தாங்காது. அந்த இடத்தில் மட்டும் செங்கல்லோ கான்கிரீட்டோ வைக்கும்படி மேஸ்திரியிடம் சொல்லி, பூசும் முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கமோடின் இருக்கை தரையிலிருந்து 18 அங்குலம் இருந்தால் முழங்கால் வலியுள்ளவர் எழுவது எளிது. கட்டிலிலிருந்து கழிவறை வரை தாழ்வான இரவு விளக்குக்கு ஒரு மின்கம்பி இழுத்து வையுங்கள். மறு வீட்டிலும் இதே அளவில் தரைத்தள அறையும் குளியலறையும் கட்டச் சொன்னோம். இப்போது அது பிள்ளைகள் படிக்கும் அறை.

வரைபடம் வைத்திருப்போர் புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது அதைக் கையோடு கொண்டுவரலாம். நோயாளி உள்நோயாளியாக இருந்தால், வீடு திரும்பும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே தாருங்கள். அளவுகளை அடியிலோ மீட்டரிலோ தெளிவாகக் குறித்திருந்தால் போதும். பயிற்சிக் கூடத்தின் தரை பெரியது, சுண்ணக்கட்டியும் இருக்கிறது.